எலும்பே இல்லாத எலிக்குட்டி

ஒசாகாவில் தடாமிட்சு கிஷிமோட்டோவின் ஆய்வகம் நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்குப் பேர்போனது. எலும்புக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அங்கேதான் தோஷிஹிசா கோமோரி எலிகளில் ஒரு மரபணுவைச் செயலிழக்க வைத்தார். அதன் பங்காளி மரபணு ஒன்றுக்கு ரத்தப் புற்றுநோயில் பங்குண்டு. இதுவும் நோய் எதிர்ப்புக்கான டி செல்களில் ஏதோ செய்கிறது என்றுதான் அப்போதைய நினைப்பு.

குட்டிகள் பிறந்த கையோடு மூச்சுவிட முடியாமல் செத்தன. குருத்தெலும்பை நீலமாகவும் எலும்பைச் சிவப்பாகவும் காட்டும் சாயங்களில் ஊறவைத்துப் பார்த்தார்கள். சாதாரணக் குட்டியில் மண்டையோடு, விலா, கைகால் எல்லாம் சிவந்து தெரியும். இவற்றிலோ தலை முதல் வால் வரை நீலம். கைகாலில் மட்டும் அங்கங்கே சுண்ணாம்பேறிய குருத்தெலும்பின் சிவப்புத் திட்டு. எலும்பைக் கட்டும் செல் ஒன்றுகூட முதிரவில்லை. விலா இறுகாத நெஞ்சு எப்படி மூச்சை இழுக்கும்?

1997 மே மாதம் ‘செல்’ இதழின் ஒரே வெளியீட்டில் இந்த மரபணுவைப் பற்றி நான்கு கட்டுரைகள் வந்தன. ஒன்று கோமோரியுடையது. லண்டனில் மைக்கேல் ஓவன் குழுவுக்கும் இதே எலிதான். ஹூஸ்டனில் பாட்ரிசியா டூசியும் ஜெரார் கார்சென்டியும், எலும்பு கட்டும் செல்களுக்கே உரிய ஆஸ்டியோகால்சின் மரபணுவை முடுக்கிவிடுவது எது என்று தேடி இதே மரபணுவின் புரதத்தில் வந்து முட்டினார்கள். நான்காவது, ஸ்டெஃபான் முண்ட்லோஸ் குழு எழுதியது, மனிதர்களைப் பற்றியது. இந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதானவர்களுக்குக் காறை எலும்பு அரைகுறையாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சிலர் இரு தோள்களையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து தொடவைத்தே காட்டுவார்கள்.

இன்று அதன் பெயர் ரன்எக்ஸ்-2. வேலை வாங்கும் மேஸ்திரி மாதிரி, செல்கள் பெருகுவதை மட்டுப்படுத்தி எலும்பு கட்டும் வேலைக்குத் திருப்புகிறது. அப்படியென்றால் இது கூடினால் எலும்பும் பலப்படும் என்றுதானே நினைப்போம்? ஆனால் 2001இல் எலும்பு கட்டும் செல்களில் இதை மிகையாக உருவாக வைத்த எலிகளுக்கு எலும்பு நலிந்து முறிந்தது. செல்கள் பாதி முதிர்ச்சியிலேயே நின்றுவிட்டன.

செல்களின் சாவிலும் இதற்குக் கை உண்டு. எலும்பு கட்டும் செல்களில் பெரும்பங்கு, வேலை முடிந்ததும் தாமே மடிந்துவிடும். பாராதைராய்டு ஹார்மோன் அந்தச் சாவைத் தள்ளிப்போடுகிறது. அதற்கு ரன்எக்ஸ்-2இன் தயவு வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே ஹார்மோன் ரன்எக்ஸ்-2ஐச் சிதைக்கவும் வைக்கிறது. அதனால் பாதுகாப்பு கொஞ்ச நேரம்தான். ஹார்மோன் விடாமல் பாய்ந்தால் எலும்பு கரைகிறது, நாளுக்கு ஒரு ஊசியாகப் போட்டால் வளர்கிறது என்பதற்கு அமெரிக்காவின் ஆர்கன்சா ஆய்வாளர்கள் 2003இல் தந்த விளக்கம் இது. டெரிபாரடைடு என்ற அந்த ஊசிக்கு அங்கே முந்தைய ஆண்டே அனுமதி கிடைத்துவிட்டிருந்தது.