மகோதரமும் ஆல்புமினும்: ஒரு மருந்தின் வரலாறு

ஆண்டுமலருக்கு வழக்கம்போல் கல்வெட்டு பற்றியோ சமணப் பள்ளிகள் பற்றியோ எழுதுவேன் என்று மலர்க்குழு அன்பர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை ஒரு மருந்தின் வரலாற்றை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மும்பையில் நாற்பது ஆண்டுகளாகப் பாத்திர வியாபாரம் செய்பவன். ஆனால் இந்த மருந்தைத் தேடிக் கடை கடையாக அலைந்தவன்.

2011-இல் என் மூத்த அண்ணனுக்கு வயிறு வீங்கியது. ஸ்கேன் பார்த்து 'சிரோசிஸ்' என்றார்கள். கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். அண்ணன் வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாதவர். "நயினார் வீட்டிலேயா இந்த வியாதி?" என்று காதுபடவே பேசினார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமி பல்லாண்டுகளாக உள்ளே இருந்து ஈரலைக் கெடுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஏற்றச் சொன்ன பாட்டிலின் மேல் 'ஹியூமன் ஆல்புமின்' என்று எழுதியிருந்தது. அண்ணன் கேட்டார்: "தம்பி, ஆல்புமின்னா முட்டை வெள்ளைன்னுதானே பள்ளிக்கூடத்துல படிச்சோம்? அதையாடா எனக்கு ஏத்துறாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று தொடங்கிய படிப்பின் சுருக்கமே இக்கட்டுரை.

பழைய நோய், பழைய வைத்தியம்

வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதை நம் வைத்தியர்கள் மகோதரம் என்றார்கள். சுசுருத சம்ஹிதையில் இந்நீரை இறக்கும் முறை உண்டு. தொப்புளுக்குக் கீழே இடப்புறம் துளையிட்டு, குழாய் வைத்து வடிக்க வேண்டும். முழு நீரையும் ஒரே நாளில் எடுத்துவிடக் கூடாது, எடுத்தால் வேறு கேடுகள் வரும், நாள் இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக எடுத்து வயிற்றை இறுகக் கட்ட வேண்டும் என்று அந்நூல் எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

நீர் ஏன் கசிகிறது? 1896-இல் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஒரு விளக்கம் தந்தார். ரத்தத்தில் உள்ள புரதங்கள் நீரைக் குழாய்க்குள் இழுத்து வைத்திருக்கின்றன என்பது அவர் கண்டது. அப்புரதங்களில் முதன்மையானது ஆல்புமின். லத்தீனில் 'ஆல்பஸ்' என்றால் வெண்மை. முட்டை வெள்ளையின் பெயர் அதிலிருந்து வந்தது, ரத்தப் புரதத்துக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஈரல் நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் ஆல்புமின் செய்கிறது. ஈரல் கெட்டால் உற்பத்தி குறையும்.

போர் தந்த மருந்து

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ரத்தம் இழந்த வீரர்களுக்கு எடுத்துச் செல்ல எளிதான ஒரு பொருள் அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எட்வின் கோன், குளிரூட்டிய ஆல்கஹாலைக் கொண்டு பிளாஸ்மாவைப் படிப்படியாகப் பிரித்தார். ஐந்தாம் படியில் கிடைத்தது ஆல்புமின். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது தீக்காயம் பட்டவர்களுக்கு அது ஏற்றப்பட்டது.

மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்தால் மலிவாக இருக்குமே என்றும் முயன்றார்கள். 1942-இல் மாசசூசெட்ஸின் நார்போக் சிறையில் கைதிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது பலர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். அத்தோடு அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆக, பாட்டிலில் இருப்பது முட்டையும் அன்று, மாடும் அன்று. யாரோ மனிதர்கள் கொடுத்த பிளாஸ்மா. கிருமிகளை அழிக்க அதை 60 டிகிரி வெப்பத்தில் 10 மணி நேரம் வைக்கிறார்கள். இதை ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்து அண்ணனிடம் சொன்னபோது, "மனுஷன் மனுஷனுக்குக் கொடுத்ததா? அப்ப சரி" என்று கையை நீட்டினார்.

எண் ஏறியது, ஆயுள் ஏறவில்லை

போர் முடிந்ததும் சிரோசிஸுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். 1946-இல் ஜார்ஜ் தோர்ன் குழுவினரும், 1948-இல் ஹென்றி குங்கெல் குழுவினரும் அமெரிக்காவில் எழுதிய கட்டுரைகள் முன்னோடியானவை. கணக்கு எளிதாகத் தோன்றியது: ஆல்புமின் குறைந்ததால் நீர் கோக்கிறது, கொடுத்தால் நீர் வடியும். சிலருக்கு வடியவும் செய்தது. ஆனால் 1962-இல் லண்டனில் ஷீலா ஷெர்லாக்கும் வில்கின்சனும் மீண்டும் மீண்டும் ஏற்றிப் பார்த்து வெளியிட்ட முடிவு வேறு. ரத்தத்தில் ஆல்புமின் அளவு ஏறியது, ஆயுள் கூடவில்லை. அதற்குள் நீர் பிரியும் மாத்திரைகளும் வந்துவிட்டன. ஆல்புமினும் ஊசி போட்டு நீர் எடுப்பதும் பின்னுக்குப் போயின.

இரண்டையும் சேர்த்து மீட்டவர்கள் ஸ்பெயினின் பார்சிலோனா மருத்துவர்கள். பெரே கினெஸ், விசென்டே அரோயோ, ஜுவான் ரோடெஸ் ஆகியோரின் குழு 1988-இல் 105 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. இரு பிரிவினருக்கும் நீர் எடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் 40 கிராம் ஆல்புமின் கொடுத்தார்கள். கொடுக்காத பிரிவில்தான் சிறுநீரகக் கோளாறும் உப்புக் குறைவும் அதிகம். மொத்த நீரையும் ஒரேயடியாக எடுத்தால் ரத்த ஓட்டம் தளர்ந்து, சிறுநீரகம் வேலையைச் சுருக்கிக்கொள்கிறது. சுசுருதர் நூல் எச்சரித்த ஆபத்துக்கு இங்கே ஒரு மாற்று கிடைத்தது. இன்று 5 லிட்டருக்கு மேல் எடுத்தால், லிட்டருக்குச் சுமார் 8 கிராம் வீதம் கொடுப்பது வழக்கம்.

1999-இல் அதே ஸ்பெயினிலிருந்து இன்னொரு செய்தி. வயிற்று நீரில் தானாகவே கிருமி தொற்றிய 126 பேரில், கிருமிக்கொல்லி மருந்து மட்டும் பெற்றவர்களில் 29 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். ஆல்புமினும் சேர்த்துப் பெற்றவர்களில் 10 சதவீதம் பேர். ஈரல் நோயால் சிறுநீரகம் செயலிழக்கும்போது டெர்லிபிரெசின் போன்ற மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது மூன்றாவது பயன்.

இம்மூன்றையும் தாண்டி, எண்ணை உயர்த்துவதற்காகவே கொடுக்கலாமா? 2018-இல் இத்தாலியின் 'ஆன்ஸர்' ஆய்வில், வீட்டிலிருந்தபடி மருத்துவம் பெற்றவர்களுக்கு வாரந்தோறும் மாதக்கணக்கில் ஏற்றியதில் 18 மாதத்தில் 77 சதவீதம் பேர் உயிரோடிருந்தனர். ஏற்றாதவர்களில் 66 சதவீதம். ஆனால் அதே 2018-இல் ஸ்பெயினில் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. 2021-இல் பிரிட்டனின் 'அட்டையர்' ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. மருத்துவமனையில் சேர்ந்த 777 பேரில் ஒரு பிரிவுக்கு ஆல்புமின் அளவை 3 கிராமுக்கு உயர்த்தப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். எந்த நன்மையும் இல்லை. நுரையீரலில் நீர் கோத்தவர்கள்தான் அதிகமானார்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு

இதையெல்லாம் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அண்ணனுக்கு ரிப்போர்ட்டில் 2.1 என்று இருந்தது. "3-க்கு மேல வரணும்" என்று ஓர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு பாட்டில் பல ஆயிரம் ரூபாய். அண்ணியின் வளையல் அடகுக்குப் போயிற்று. எண் ஏறும், இரண்டு வாரத்தில் இறங்கும். பிறகு வேறோர் இடத்தில் ஒரே நாளில் எட்டு லிட்டர் நீர் எடுத்தார்கள். அங்கே டாக்டர் ஆல்புமின் கேட்டபோது, கையில் காசு இல்லாமல், "போன வாரம்தானே சார் ஏத்தினோம், இந்தத் தடவை வேண்டாமே" என்று சொன்னவன் நான்தான். சில நாளில் சிறுநீர் குறைந்தது. 2012-இல் அண்ணன் காலமானார். அதனால்தான் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். வேண்டாத இடத்தில் செலவழித்து, வேண்டிய இடத்தில் கைவிரித்தேன் என்பது மட்டும் உறுதி.

வெளியூரில் வாழும் நமக்கு, ஆஸ்பத்திரி வாசலில் யோசனை சொல்லப் பெரியவர்கள் பக்கத்தில் இருப்பதில்லை. ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆல்புமின் சீட்டு கையில் வந்தால் வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள், கண்ணை மூடிக்கொண்டும் வாங்காதீர்கள். "டாக்டர், இது நீர் எடுப்பதற்காகவா, கிருமித் தொற்றுக்காகவா, சிறுநீரகத்துக்காகவா, இல்லை எண்ணுக்காக மட்டுமா?" என்று பணிவோடு கேளுங்கள். மகோதரம் வந்தவரைப் பார்த்துக் குடிகாரர் என்று முடிவு கட்டாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. பிள்ளைகளுக்குப் போட்டாயிற்றா என்று இன்றே பாருங்கள்.