காஞ்சியிலே காட்டாத தூண்

அம்பத்தூர் ஆலைகளிலும் ஆவடித் தொழிற்கூடங்களிலும் ஆறு நாள் உழைத்தவர்கள், ஏழாம் நாள் பேருந்தேறி, பூவிருந்தவல்லி கடந்து, திருப்பெரும்புதூர் வழியே காஞ்சி செல்கின்றனர். பல்லவர் தலைநகரைக் காணும் ஆர்வம்! பாராட்டத்தக்க ஆர்வம். ஆனால் அவர்களுக்குக் காட்டப்படுவது என்ன? இந்த மாமரத்தடியிலே அம்மை தவம் புரிந்தாள். இந்தப் பல்லியைத் தொட்டால் பாவம் பறந்தோடும்! வழிகாட்டி கூறுகிறார், நாமும் தலையாட்டுகிறோம்.

கைலாசநாதர் கோயில், இராசசிம்மன் எனும் இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எழுப்பிய மணற்கற் காவியம். சுற்றிலும் 58 சிறு கோயில்கள். அவற்றிலே பல்லவர் கால ஓவியங்கள் எஞ்சியிருப்பதை 1931-இல் கண்டு உலகுக்குரைத்தவர் பிரெஞ்சு அறிஞர் துப்ராய். இவ்வளவும் இருக்க, கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய வழியைக் காட்டி, "தவழ்ந்து வந்தால் மறுபிறவி இல்லை" என்கிறார் வழிகாட்டி. மறுபிறவி கிடக்கட்டும். மண்டபத் தூணொன்றிலே கன்னடக் கல்வெட்டு இருக்கிறதே, அதைக் காட்டினாரா? இல்லை!

தமிழ் மண்ணிலே, பல்லவன் கோயிலிலே, கன்னடம் எப்படி வந்தது? 642-இல் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் வாதாபியை வென்றான். ஏறத்தாழ நூறாண்டு கழித்துப் பழிதீர்க்க வந்தான் இரண்டாம் விக்கிரமாதித்தன். காஞ்சி வீழ்ந்தது. படையோடு வந்தவன் இக்கோயிலின் செல்வத்தைக் கண்டான். கவர்ந்தானில்லை, கோயிலுக்கே திருப்பி அளித்தான். அதைத்தான் அந்தத் தூண் கூறுகிறது. வென்றவன் தன்னைத்தானே புகழ்ந்துகொண்டான் என்பீர்கள். இருக்கட்டும்! எரித்தேன் என்று புகழ்ந்துகொள்வோர் மலிந்த உலகில், எடுக்கவில்லை என்று புகழ்ந்துகொண்டானே! பின்னர் அவன் அரசி உலோகமாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய கோயிலிலே காஞ்சியின் சாயலைக் காண்கின்றனர் அறிஞர்.

வைகுண்டப் பெருமாள் கோயிலிலோ சுவரே வரலாற்று ஏடு. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறக்கிறான். அரசனில்லா நாட்டுக்கு அரசனைத் தேடிக் கடிகையாரும் மற்றையோரும் இரணியவர்மனிடம் செல்கின்றனர். மூத்த மைந்தர் மறுக்கின்றனர். பன்னிரண்டே வயதான இளையவன், 'நான் செல்கிறேன்' என முன்வருகிறான். அவனே நந்திவர்மப் பல்லவமல்லன். தெய்வம் தந்த முடி என்று பாடம் படித்தோமே, இங்கே தூது சென்று தேடிப்பிடித்த முடியன்றோ செதுக்கப்பட்டிருக்கிறது! சிற்பங்களின் அடியிலே விளக்க எழுத்துகளும் உண்டு. வழிகாட்டியோ அரைமணியில் அடுத்த கோயிலுக்கு விரட்டுகிறார்.

ஏழாம் நூற்றாண்டிலே வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட இந்நாட்டில் நூறு பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவியரும் இருந்ததாக எழுதிச் சென்றார். எங்கே அந்த மடங்கள் என்று கேட்டோம். விடையில்லை. திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயில் விதான ஓவியங்களோடு இன்றும் நிற்கிறது. அங்கு பேருந்து நிற்கவில்லை. பட்டுக்கடை வாயிலில் மட்டும் ஒன்றரை மணி நேரம் நின்றது!