ஒரு வண்டியின் ஐந்து தலைமுறைகள்

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் உழவன் பல்லைப் பிடித்து வயதைக் காண்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டு நோக்குவான், வளர்த்தவர் யார் என்றும் வினவுவான். பழைய மோட்டார் வண்டி வாங்குவோருக்கும் இந்நான்கும் வேண்டும்.

நம் காலனிப் பிள்ளைகள் சிலர் இன்று ஜெர்மனி நாட்டில் பணியாற்றுகின்றனர். குழந்தைகளையும், ஊரிலிருந்து வரும் பெற்றோரையும், அவர்தம் பெட்டிகளையும் ஒருசேர ஏற்றிச் செல்ல அவர்கள் நாடுவது ஸ்டேஷன் வாகன். அவ்வகையில் பெரும்புகழ் பெற்றது மெர்ஸிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் ‘ஈ’ வகுப்பு வண்டி. புதிதாய் வாங்க அதன் விலை எட்டாது, பழையதாயின் எட்டும். விலை எட்டுகிறதே என்று மயங்கிச் சேமிப்பை இழப்பதும் உண்டு. ஆகவே அதன் வரலாற்றை அறிந்து வாங்குதல் நலம்.

ஸ்டேஷன் வாகன் என்னும் பெயரே இருப்புப் பாதையோடு உறவுடையது. ரயிலிலிருந்து இறங்கிய பயணிகளையும் மூட்டைகளையும் ஏற்றிச் சென்ற மரக்கூட்டு வண்டிகளை அமெரிக்கர் அவ்வாறு அழைத்தனர். ஜெர்மானியர் இதனைக் ‘கோம்பி’ என்பர். நெடுங்காலம் இது கைத்தொழிலாளர்க்கும் சிறு வணிகர்க்கும் உரிய வண்டியென்றே அங்குக் கருதப்பட்டது. அக்கருத்தை மாற்றியவற்றுள் ஒன்று, 1977 ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் கண்காட்சியில் வைக்கப்பெற்ற மெர்ஸிடிஸ் ‘டி’ வண்டி.

முதல் தலைமுறை: 123

‘டி’ என்னும் எழுத்து சுற்றுலாவையும் சரக்கேற்றலையும் குறிப்பது. 1978 இல் பிரேமன் நகரில் இதன் உற்பத்தி தொடங்கிற்று. முன்பு போர்க்வார்டு கார்கள் உருவான தொழிற்சாலை அது; அந்நிறுவனம் 1961 இல் வீழ்ந்துபட்டது. பிரேமனில் உருவான முதல் மெர்ஸிடிஸ் கார் இந்த ஸ்டேஷன் வாகனே.

பாரம் ஏற்றினால் வண்டியின் பின்புறம் தாழ்வது இயல்பு. இதில் எண்ணெய் அழுத்தமும் நைட்ரஜன் வாயு அடைத்த உருண்டைகளும் சேர்ந்து பின்புறத்தை மட்டமாக நிறுத்தின. 1980 இல் 125 குதிரைத்திறன் கொண்ட டர்போ டீசல் என்ஜினும் வந்தது. 1986 தொடக்கம்வரை உற்பத்தியான இவ்வண்டிகளுக்குப் பகை துரு. சக்கர வளைவு, ஜாக்கி வைக்கும் இடம், பின்கதவின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். இவை இன்று சேகரிப்போர் கைக்குச் சென்றுவிட்டன. பெரும்பாலானவற்றில் காற்றுப்பை இல்லை. நாள்தோறும் குழந்தைகளை ஏற்றிச் செல்ல இது ஏற்றதன்று.

இரண்டாம் தலைமுறை: 124

1985 முதல் 1996 வரை வந்தது இது. செலவைப் பாராமல் பொறியாளர் செய்த கடைசி மெர்ஸிடிஸ் என்று இதனைப் போற்றுவோர் பலர். உறுதியில் இது பெரிதும் அப்புகழுக்கு உரியதே. எனினும் 1992 முதல் 1995 வரை உருவான பல வண்டிகளில் என்ஜின் மின்கம்பிகளின் உறை வெப்பத்தால் நொறுங்கி உதிர்ந்தது. அக்கம்பித் தொகுதி மாற்றப்பட்டதா என்று கேட்பது முதற்கடமை. பின்புறத்து வாயு உருண்டைகள் செயலிழந்தால் வண்டி கட்டைவண்டிபோல் குலுங்கும்; ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

30 ஆண்டு நிறைந்து, நன்னிலையில் உள்ள வண்டிக்கு ஜெர்மனியில் ‘ஹெச்’ எழுத்துடன் கூடிய வரலாற்று வண்டி எண் வழங்குவர். 1997 முதல் வழங்கிவரும் இவ்வெண்ணைப் பெற்றால், நகரங்களின் புகைத்தடை வட்டங்களுக்குள்ளும் தனி அனுமதியின்றிச் செல்லலாம்.

மூன்றாம் தலைமுறை: 210

நான்கு வட்ட விளக்குகளோடு 1996 இல் வந்த வாகன் இது. 2003 வரை நீடித்தது. 1998 இல் வந்த உயரழுத்த டீசல் என்ஜின்கள் சிக்கனமும் ஆற்றலும் உடையன. ஆனால் துரு மீண்டும் தலைதூக்கிற்று. கதவின் விளிம்பில் தோன்றும் கொப்புளம் அழகைக் கெடுப்பதோடு நிற்கும். முன்சக்கரச் சுருள்வில்லைத் தாங்கும் இரும்புக் கிண்ணம் துருவால் கழன்றுவிடின் உயிருக்கே கேடு. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்புறம் காணாமல் இதனை வாங்கலாகாது. விலை மலிவாக இருப்பதன் காரணமும் இதுவே.

நான்காம் தலைமுறை: 211

2003 இல் வந்த இவ்வண்டி துருவைப் பெரிதும் வென்றது. ஆயின் பகை வேறிடத்தில் முளைத்தது. பிரேக் மிதியின் ஆணையை மின்னணுக் கருவி பெற்றுச் சக்கரங்களுக்கு அழுத்தம் அனுப்பும் புதுமுறை இதில் அமைந்தது. அதில் கோளாறு தோன்றவே, 2004 இல் சுமார் 6,80,000 வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்துச் சோதித்தது. 2005 இல் பிரேக்கோடு வேறு மின்குறைகளுக்காகவும் சுமார் 13 லட்சம் வண்டிகள் அழைக்கப்பட்டன. 2006 இல் செய்த திருத்தத்தின்போது அம்முறை கைவிடப்பட்டுப் பழைய எண்ணெய் பிரேக்கே மீண்டும் வந்தது. அவ்வாண்டுவரை உருவான ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் சிலவற்றில் சமன் தண்டின் பற்சக்கரம் தேய்வதும் உண்டு. அதனைச் சீர்செய்ய என்ஜினையே கழற்ற வேண்டும். ஆகவே 211 வாங்குவோர் 2006 திருத்தத்திற்குப் பின் வந்ததையே தேர்வாராக.

ஐந்தாம் தலைமுறை: 212

2009 முதல் 2016 வரை. பின்னிருக்கைகளை மடக்கினால் 1,950 லிட்டர் இடம். நம்மவர் பெட்டிகளுக்கும் போதும்! தொடக்க ஆண்டுகளில் வந்த நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின்களில் எரிபொருள் தெளிக்கும் ஊசிகள் பழுதாயின. அவை மாற்றப்பட்டனவா என அறிதல் வேண்டும். டீசல் வண்டியின் மாசு வகுப்பையும் காண்க. 2018 இல் ஹாம்பர்க் நகரின் இரு சாலைகளிலும், 2019 இல் ஸ்டுட்கார்ட் நகரிலும் பழைய டீசல் வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. வாங்கிய வண்டி வீட்டு வாயிலிலேயே நிற்கும் நிலை வரலாகாது அன்றோ?

வரலாறு கூறும் பாடம்

புதிய தலைமுறை பழையதினும் எல்லா வகையிலும் மேலானது என்பதும் பிழை. பழையதே உறுதி என்பதும் பிழை. முதல் மூன்றில் பெருங்குறை துரு; கண்ணாலும் கையாலும் அறியலாம். பின்னிரண்டிலோ குறை பெரிதும் கருவிக்குள் மறைந்துள்ளது. கணினி வைத்துச் சோதித்தாலன்றித் தெரியாது. எந்நோயை நம் கண்ணும் நம் பணப்பையும் தாங்கும் என்று முதலில் முடிவு செய்தல் வேண்டும்.

ஒரு செய்தியை ஈண்டு வலியுறுத்த விரும்புகின்றோம். புதிதாயிருந்தபோது உயர்ந்த விலைக்கு விற்ற வண்டி, பழையதானபின் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கலாம். ஆனால் அதன் உதிரி உறுப்புகளின் விலை அவ்வாறு பத்தில் ஒன்றாகக் குறைவதில்லை. முன்னவர் செய்யாது விட்ட பராமரிப்பு அனைத்தும் வாங்குவோர் தலையில் விழும் கடனே. எனவே கையிலுள்ள தொகை முழுவதையும் விலையாகக் கொடாமல் ஒரு பகுதியை முதலாண்டுச் செலவுக்கென ஒதுக்குக.

பராமரிப்பு ஏட்டைக் கேட்டுப் பெறுக. ஜெர்மனியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டாயத் தகுதிச் சோதனை உண்டு. பழைய சோதனைத் தாள்களை வரிசையாகப் படித்தால் ஓடிய தூரத்தில் பொய் இருப்பின் வெளிப்படும். வணிகரிடம் வாங்கினால் குறைபாட்டுக்கு அவர் ஓராண்டேனும் பொறுப்பேற்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தனியாரோ அப்பொறுப்பை ஒப்பந்தத்திலேயே விலக்கிவிடலாம். கையெழுத்திடுமுன் அவ்வரியைப் படித்தல் வேண்டும்.

நாள்தோறும் குடும்பத்தை ஏற்றிச் செல்ல, 2006 திருத்தத்திற்குப் பின்வந்த 211 அல்லது 212 ஏற்றது என்பது நம் கருத்து. பொறுமையும் நல்ல மெக்கானிக்கும் வாய்த்தோர்க்கு 124 இனிய துணையாகும். ஆனால் எத்தலைமுறையாயினும், ஏடு இல்லாத பளபளப்பான வண்டியைக் காட்டிலும் ஏடு நிறைந்த மங்கிய வண்டியே மேல். கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகள் இதனை மனத்திற்கொண்டு, நல்ல வண்டி வாங்கி, நலமே பயணம் செய்வார்களாக!