சீனியும் பொலியூரிதேனும்

மெத்தையின் நுரையாகவும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பத்தடுப்பாகவும் வழங்கும் பொலியூரிதேனை, 1937ஆம் ஆண்டில், ஜேர்மனியின் லெவர்கூசன் நகரில் ஒட்டோ பேயரும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். அதற்குப் பொலியோல், ஐசோசயனேற்று என மூலப்பொருள்கள் இரண்டு.

முன்னதற்குச் சீனி எளிதில் இணங்கிற்று. எட்டு ஐதரொட்சில் கூட்டங்களைத் தாங்கிய சுக்குரோசு, பெற்றோலிய வழிவந்த புரொப்பிலீன் ஒட்சைட்டுடன் கூடி, கடின நுரைக்குரிய பொலியோலாயிற்று.

பின்னதோ நெடுங்காலம் இணங்கவில்லை. 2015ஆம் ஆண்டிலே, பின்னர்க் கோவெஸ்ட்ரோ எனப் பெயர்பெற்ற லெவர்கூசன் நிறுவனம், காபனில் 70 வீதம் தாவரவழி வந்த ஐசோசயனேற்றொன்றைப் பூச்சுத் தொழிலுக்கு வழங்கிற்று. மாப்பொருளினின்று பெற்ற குளுக்கோசை நுண்ணுயிர்களால் நொதிக்கச் செய்தே அதன் அடிப்படைப் பொருள் பெறப்பட்டது.

எனினும், ஐசோசயனேற்று ஆக்கத்திற் பெரிதும் பயன்படும் பொஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயு நீங்கவில்லை. ஊற்று மாறிற்று, ஆலையின் ஆபத்து மாறவில்லை.