கப்பல் பதிவேட்டில் பூர்வீகம்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பனை அடைந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் உழைக்கப் போன முதல் இந்தியர்கள் இவர்கள். 1911இல் இந்த ஏற்பாடு நிறுத்தப்படும்வரை 1,52,184 பேர் இப்படிப் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஆளின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடலில் உள்ள தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கப்பல்தோறும் பதிவேடு எழுதப்பட்டது. ஓடிப்போனவரை அடையாளம் கண்டு பிடித்துவரவும் ஒப்பந்தக் கணக்கு வைக்கவும் உதவிய விவரம் அது. தென்னாப்பிரிக்கத் தமிழர் பலருக்கு இன்று மூதாதையின் ஊரைச் சொல்ல எஞ்சியிருப்பது அந்தப் பதிவு ஒன்றுதான்.

அது பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்ட நெடுங்காலம் ஆயிற்று. பதிவேடுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு வரலாற்றாசிரியர் சுரேந்திர பாணா எழுதிய ஆய்வு 1991இல் வெளிவந்தது. டர்பனிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் பட்டியல்களை இணையத்தில் இலவசமாக வைத்த பிறகு, கட்டணம் கட்டி ஆள் வைத்துத் தேடும் நிலை பெருமளவு மாறியது.

பட்டியல் கிடைத்தால் மட்டும் போதாது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும். இலவச இணைய வழிகாட்டிகளின் பயன் இங்கேதான். இவற்றில் பெரியது ஃபேமிலிசர்ச். அதன் தொடக்கம் 1894இல் அமெரிக்காவின் யூட்டாவில் மார்மன் திருச்சபையார் அமைத்த வம்சாவளிச் சங்கம். இறந்த முன்னோருக்காகவும் சடங்கு செய்ய வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை; அதற்குப் பெயர்கள் தெரிந்தாக வேண்டும். 1938 முதல் பல நாட்டுப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படமெடுத்தார்கள். 1999இல் இணையதளம் வந்தது. எந்த நாட்டில் எந்த ஆவணம் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, எங்கே பார்க்கலாம் என்பதை அதன் விக்கிப் பக்கங்கள் சொல்கின்றன. 1998இல் தொடங்கிய ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் சங்கமும் இத்தகைய விக்கியை நடத்துகிறது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்களுக்காக ஏற்பட்டது என்றாலும், சென்னை மாகாணத்தின் பழைய ஊர்ப்பெயர்களைத் தேடும் தமிழருக்கும் அது பயன்படுகிறது.

முதல் முட்டுக்கட்டை பெயர். தகப்பன் பெயரோடு தன் பெயரைச் சொல்லிப் பழகியவர்களிடம் குடும்பப் பெயர் கேட்டார்கள். எழுத்தர் காதில் விழுந்தது ஏட்டில் ஏறியது. பின்னாளில் சாதிப் பட்டமே பலருக்குக் குடும்பப் பெயராயிற்று: கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார், முதலியார் ‘மூட்லி’ ஆனார். சிலருக்குத் தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஒரே பட்டியலில் முனியம்மாக்களும் ராமசாமிகளும் ஏராளம். அதனால் பெயரை விட எண்ணைப் பிடிப்பது நல்லது. இறங்கியவருக்குக் கொடுத்த காலனி எண், பிற்காலத்துத் திருமண, பிறப்புப் பதிவுகளிலும் தொடர்ந்து வந்தது. பாட்டியின் சான்றிதழில் அந்த எண் இருந்தால் கப்பலும் ஊரும் கிடைத்துவிடும்.

அடுத்தது இடம். பதிவேட்டில் ‘வட ஆற்காடு’ என்று இருந்தால் வேலூரை மட்டும் தேடுவது தவறு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை அப்பகுதியும் வட ஆற்காட்டைச் சேர்ந்ததே; இன்று அது ஆந்திரத்தில் இருக்கிறது. மிஞ்சிய வட ஆற்காடு 1989இல் பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. தாலுகா பெயரைப் பழைய வரைபடத்தில் வைத்துப் பார்த்த பிறகே கிராமத்தைத் தேட வேண்டும்.

இதே போல் ஒப்பந்தத்தில் தமிழர் போன மொரீஷியசில் ஆவணம் இன்னும் வளமானது. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியோர் பதிவேடுகளோடு பலரின் நிழற்படங்களும் உள்ளன.

இலங்கை மலையகத்தின் நிலை நேர்மாறு. அங்கே ஆட்களைக் கங்காணி திரட்டினார். கடனும், அது தீர்ந்தால் ஆளை விடுவிக்கும் ‘துண்டு’ச் சீட்டும் அவர் வழியாகவே நடந்தன. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நேட்டால் போல் தனிப்பதிவு எழுதப்படவில்லை. ஆவணம் இல்லாத குறை பிற்காலத்தில் குடியுரிமையையும் பறிக்க வழியாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தலைமுறைகளாகத் தேயிலை பறித்த லட்சக்கணக்கானோரிடம் அந்தச் சான்று இல்லை, நாடற்றவர் ஆனார்கள்.

கிராமம் தெரிந்த பிறகு தமிழ்நாட்டில் தேடல் மெல்லத்தான் நகரும். பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல்தான் வந்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள நிலப் பதிவேடுகள் பட்டாதாரரின் பெயரைத் தரும். ஆனால் கப்பலேறியவர்களில் பலர் நிலமற்றவர்கள். கிறிஸ்தவராக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேடு உதவும். மற்றவர்களுக்கு ஊர்ப் பெரியவர்களின் நினைவும், குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி கொடுக்கும் குடும்பங்களின் பட்டியலும்தான் மிஞ்சும். பட்டியலைக் கோயில் நிர்வாகிகளிடமே கேட்டுப் பார்க்க வேண்டும்.