பெரட்டுக் களத்துக்கு மேலே ஒரு விமானம்

இரண்டு எஞ்சின், உடலுக்கு மேலே நீட்டிப் பொருத்திய இறக்கை, பின்னால் மூன்று வால் துடுப்பு, உள்ளே மடங்காத தடித்த சக்கரக் கால்கள். டுவின் பயோனியரை அழகு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஸ்காட்லாந்தின் பிரஸ்ட்விக்கில் ஸ்காட்டிஷ் ஏவியேஷன் நிறுவனம் கட்டிய விமானம் இது. 1955 ஜூனில் முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் கட்டியவை 87. பதினாறு பேர் உட்காரலாம். மூன்று கால்பந்துத் திடல் நீளத்துக்கு மண் தரை இருந்தால் போதும், இறங்கும், ஏறும். கோலாலம்பூர் சுங்கை பீசியில் விமானப் படை அருங்காட்சியகம் இருந்தபோது அங்கே ஒரு டுவின் பயோனியரை வைத்திருந்தார்கள். மாணவர்களைக் கூட்டிப் போகும்போதெல்லாம், போர் விமானங்களின் முன்னால் படம் எடுத்துக்கொள்ள அவர்களை விட்டுவிட்டு நான் இதனிடம் வந்துவிடுவேன்.

நம் நாட்டின் விமானப் படை தொடங்கியதே இந்த ரக விமானத்தோடுதான். 1958 ஏப்ரலில் முதல் டுவின் பயோனியர் வந்தது. அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு 'லாங் ராஜாவாலி' என்று பெயர் வைத்தார். ஜூனில் விமானப் படை முறைப்படி அமைந்தது. அதற்குச் சில மாதம் முன்னால், 1957 டிசம்பரில், ஸ்காட்டிஷ் ஏவியேஷனை நிறுவியவர்களில் ஒருவரான டேவிட் மெக்கின்டயர் லிபியாவில் இறந்துபோனார். 1933இல் எவரெஸ்டுக்கு மேலே முதன்முதலாகப் பறந்தவர்களில் அவரும் ஒருவர். டுவின் பயோனியரை விற்பதற்காகச் சுற்றுப்பயணம் போன இடத்தில், அதே விமானத்தின் இறக்கைத் தாங்கி உலோகக் களைப்பால் ஒடிந்து அது விழுந்தது. அவரோடு போன இருவரும் இறந்தார்கள். ஒரு வயதுகூட நிரம்பாத நாடு தன் முதல் விமானமாக இதை வாங்கியது என்றால், காடு நிறைந்த மண்ணில் குறுகிய ஓடுபாதையில் இறங்கும் விமானம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் பிறந்தது புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். எங்களுக்கு விமானத்தின் பெயரெல்லாம் தெரியாது. கோலாலம்பூரிலிருந்து வடக்கே தாழப் பறந்து போனால் அது 'சாமான் போடுற ஏரோப்ளேன்'. டகோட்டா, பிறகு வலெட்டா. பால் வெட்டிக்கொண்டிருப்பவர்கள் நிரையில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். மண்டோர் சத்தம் போட்டதும் குனிந்து அடுத்த மரத்துக்குப் போவார்கள்.

கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு எதிராக அறிவித்த அவசரகாலம் 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலை வரை நீடித்தது. போக்குவரத்து விமானம் இல்லாமல் அரசாங்கம் அதை நடத்தியிருக்க முடியாது. காட்டுக்குள் போகும் படைப்பிரிவு தூக்கிப் போகும் உணவு சில நாளில் தீர்ந்துவிடும். கோலாலம்பூரில் மூட்டை கட்டி, பாரசூட் பொருத்தி, விமானத்திலிருந்து தள்ளினால் அதே பிரிவு வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கலாம். மரம் வெட்டிச் சிறு வெளி ஒன்று உண்டாக்கி, புகை போட்டு இடம் காட்டுவார்கள். குன்றுகளுக்கு நடுவே, மேகம் கவிவதற்கு முன், விமானி அந்த வெளியைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலையில் விமானிகளும் மூட்டை தள்ளியவர்களும் பலர் உயிரை விட்டார்கள். அவர்களுடைய துணிவை நான் மதிக்கிறேன்.

அதே காலத்தில் கீழே நடந்ததையும் சொல்ல வேண்டும். கம்யூனிஸ்டுகளிடமிருந்து மக்களைப் பிரிக்கும் பிரிக்ஸ் திட்டத்தின்படி 1950 முதல் சீனக் குடும்பங்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றியது பள்ளிப் பாடத்தில் வருகிறது. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஒரே இடத்தில் நெருக்கி வைத்தார்கள் என்பது பாடத்தில் ஓரமாகத்தான் இருக்கிறது. தள்ளித் தள்ளி இருந்த எங்கள் லயங்களை ஒன்று சேர்த்துச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வாசலில் காவல். விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டு முடிந்து வேலைக்காட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவரையும் சோதிப்பார்கள். பால் வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். சோற்றுப் பொட்டலம் வேலிக்கு வெளியே போகக் கூடாது. போனால் கம்யூனிஸ்டுக்குச் சோறு கொடுத்த குற்றம். என் அம்மா வெறும் தேத்தண்ணீரோடு போய், பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துதான் பசியாறுவார். காட்டிலிருந்த சிப்பாய்க்கு ஆகாயத்திலிருந்து அரிசி இறங்கியதும், மரம் வெட்டும் பெண்ணின் மடியில் அரிசி தேடியதும் ஒரே திட்டத்தின் இரண்டு வேலைகள். இதைப் புரிந்துகொள்ளாமல் அந்த விமானங்களின் வரலாறு முழுமையாகாது.

வட சிலாங்கூர் எல்லையில் இது எவ்வளவு கடுமையாகப் போனது என்பதற்குத் தஞ்சோங் மாலிம் சாட்சி. 1952 மார்ச்சில் தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கப் போனவர்கள் தாக்கப்பட்டு 12 பேர் மாண்டார்கள். பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் நேரில் வந்து, நாளுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு என்று அறிவித்து, ஊர் முழுவதற்கும் அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார்.

விமானம் காகிதமும் போட்டது. சீனம், மலாய், தமிழ் மூன்றிலும் துண்டறிக்கைகள் கோடிக்கணக்கில் விழுந்தன. சரணடைந்தால் உயிருக்குப் பாதுகாப்பு, துப்புக் கொடுத்தால் பணம். ஒலிபெருக்கி கட்டிய டகோட்டா காட்டுக்கு மேலே மெதுவாகச் சுற்றிப் பேசும். வலெட்டாவைவிட டகோட்டாவே இந்த வேலைக்குத் தோதாக இருந்தது; வேகம் குறைவு, எஞ்சின் இரைச்சலும் குறைவு. ஒலிபெருக்கி சொன்னது எங்களுக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். துண்டறிக்கையைக் கையில் எடுத்தால் அம்மா அடிப்பார். "எடுத்து வூட்ல வச்சேன்னா அப்பாவப் புடிச்சிட்டுப் போயிருவாங்கடா" என்பார்.

அந்தப் பயம் காரணமில்லாமல் வரவில்லை. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949இல் பிடித்தது ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்துக்கு அருகில். துப்பாக்கி வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி, மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள் இன்னொரு சங்கத் தலைவரான வீரசேனன் சுடப்பட்டு இறந்தார். சங்கம் என்று பேசவே பெரியவர்கள் குரலைத் தாழ்த்திய காலம் அது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவான பிறகுதான் மெல்ல மெல்ல மீண்டும் வாய் திறந்தார்கள்.

காட்டில் தேடுதல் மட்டும் ஓயவில்லை. 1958 பிப்ரவரியில், லாங் ராஜாவாலி வருவதற்கு இரண்டு மாதம் முன்னால், தெலுக் ஆன்சன் சதுப்புக் காட்டுக்குள் பிரிட்டிஷ் எஸ்ஏஎஸ் சிறப்புப் படை வீரர்கள் பாரசூட்டில் குதித்தார்கள். பெவர்லி என்ற பெரிய போக்குவரத்து விமானம் அவர்களைக் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் இடுப்பளவுத் தண்ணீரில் தேடி, ஆ ஹோய் என்ற கம்யூனிஸ்டுத் தலைவரின் குழுவைச் சரணடைய வைத்தார்கள். 

இங்கிலாந்தில் கோஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் வலெட்டா, டகோட்டா, பயோனியர், டுவின் பயோனியர் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சுங்கை பீசியின் விளக்கப் பலகையில் எஞ்சின், எடை, படைப்பிரிவு என்றுதான் சொல்லப்பட்டது. விமானங்களை வைத்துக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவை பறந்த வானத்துக்குக் கீழே முள்வேலிக்குள் வாழ்ந்த தமிழர், சீனர், அரசாங்கம் அமைத்த காட்டுக் கோட்டைகளைச் சுற்றிக் கூட்டப்பட்ட ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்கள் ஆகியோரின் வாழ்க்கை அதே பலகையில் இடம்பெற வேண்டும். தமிழிலும் எழுதப்பட வேண்டும். துண்டறிக்கையைத் தமிழில் அச்சடிக்க முடிந்த நாட்டில் அந்தக் காலத்தின் வரலாற்றைத் தமிழில் சொல்வது பெரிய காரியமா?

ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. வேலி நினைவிருப்பவர்களுக்கு வயது எண்பதைத் தொட்டுவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தில் எத்தனை குடும்பம், வாசலில் சோதித்தவர் யார், விமானம் எந்தப் பக்கமாகப் போனது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். டிரங்குப் பெட்டியில் பழைய பங்கீட்டு அட்டையோ துண்டறிக்கையோ கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.