சுவருக்கு அப்பால் ஓர் எதிரி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. வாழ்க்கையில் நேருகிற தற்செயல்களை அவன் அப்படியே எழுதிவிட முடியாது. “நம்பும்படி இல்லையே, ஸார்!” என்று வாசகர்கள் கடிதம் போட்டுவிடுவார்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் கிடையாது. டென்மார்க் குதிரைப்படை அதிகாரியான ஹான்ஸ் லுண்டிங்கின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

1899-ல் பிறந்தவர் அவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில், ‘ஜேசன்’ என்ற குதிரைமீது மூன்று நாள் சவாரிப் போட்டியில் கலந்துகொண்டார். வழியிலிருந்த ஒரு குட்டையில் பல குதிரைகள் இடறி விழுந்த போட்டி அது. லுண்டிங்குக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

குதிரை சவாரியோடு அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது, ராணுவத்துக்காக உளவறிவது. 1940 ஏப்ரல் 9-ந் தேதி ஜெர்மன் சேனை டென்மார்க்கில் புகுந்தது. 1943-ல் கெஸ்டபோ அவரைப் பிடித்தது. ஏழு வருஷத்துக்கு முன் எந்த ராஜ்யத்தின் தலைநகரில் ஜனங்கள் அவருக்குக் கைதட்டினார்களோ, அதே ராஜ்யம் அவரைச் சிறையில் தள்ளியது. பிளாஸன்பர்க் முகாமில் ஒரு சிறு அறைதான் அவர் உலகமாயிற்று.

அடுத்த அறையில் ஒரு கிழவர் வந்து சேர்ந்தார். அட்மிரல் கானாரிஸ்! 1944 வரை ஜெர்மன் ராணுவ உளவுத் துறைக்கே தலைவராக இருந்தவர். ஹிட்லருக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றம் சுமத்தப்பட்டவர். நேற்றைய எதிரிகள் இருவருக்கும் இடையே இப்போது ஒரு சுவர்தான்.

சுவரைத் தட்டித் தட்டி, எழுத்து எழுத்தாக, இருவரும் பேசிக்கொண்டார்கள். 1945 ஏப்ரல் 8-ந் தேதி இரவு கானாரிஸ் தட்டிய கடைசிச் செய்தியை லுண்டிங் பிற்பாடு சொன்னார். விசாரணையில் தம் மூக்கை உடைத்துவிட்டார்கள். தம் காலம் முடிந்தது. தாம் தேசத்துரோகி அல்ல. லுண்டிங் பிழைத்தால் தம் மனைவிக்குச் சொல்லவேண்டும். மறுநாள் காலை கானாரிஸைத் தூக்கிலிட்டார்கள். அன்று ஏப்ரல் 9! டென்மார்க் வீழ்ந்து சரியாக ஐந்து வருஷம்.

லுண்டிங் பிழைத்தார். மற்ற முக்கியமான கைதிகளோடு அவரையும் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். யுத்தம் முடிகிற தறுவாயில் அங்கே விடுதலை கிடைத்தது. பிறகு தம் நாட்டு ராணுவ உளவுத் துறைக்குத் தலைவராகி, 1963-ல் ஓய்வு பெற்றார், 1984-ல் காலமானார்.

எதிரியின் செய்திதானே என்று அவர் வாய் மூடி இருந்திருக்கலாம். கேட்க வேறு சாட்சி யார்? “நான் துரோகி அல்ல” என்று ஒரு ஜெர்மானியர் சொன்ன சொல், ஜெர்மனியால் சிறைப்பட்ட ஒரு டேனிஷ்காரரின் நாவில்தான் உயிர் பிழைத்தது. ஒலிம்பிக்கில் அவர் வாங்கியது மூன்றாவது இடம். இந்த நேர்மைக்கு இடம் கொடுக்க என்னைக் கேட்டால், முதலிடத்துக்குக் குறைந்து சொல்ல எனக்கு மனம் வராது.